டிரையம்ப் ஹெரால்டு காரின் ட்ரன்னியனும் கிரீஸ் தேர்வும்

டிரையம்ப் ஹெரால்டு என்பது இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய சிறிய கார் ஆகும். இதன் உடலமைப்பை இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்தார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இக்காரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. பழைய கார்களைப் பராமரிப்போரிடையே இக்காரின் ஓர் உறுப்பு தனியாகப் பேசப்படுகிறது. முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள ட்ரன்னியன் என்ற இணைப்பே அது. கிரீஸ் கன் கொண்டு நிரப்பப்படும் இந்த இணைப்புக்கு உரியது கிரீஸ் அன்று, கெட்டியான கியர் எண்ணெய். இதை அறியாமல் நல்ல கிரீஸை நிரப்பியதால் சக்கரம் முறிந்து விழுந்த நிகழ்வுகள் உண்டு.

கிரீஸ் என்பது என்ன?

கிரீஸின் பெரும்பகுதி எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஒரு வகைச் சோப்பு, பஞ்சு நீரைப் பிடித்து வைப்பதுபோலப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தமும் அசைவும் ஏற்படும்போது எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து உராய்வைக் குறைக்கிறது. எனவே கிரீஸின் குணம் எண்ணெயை மட்டுமன்றிச் சோப்பையும் பொறுத்தது.

தொடக்ககாலக் கார்களில் ஒரே கிரீஸ் எல்லா இடத்துக்கும் பயன்படவில்லை. கால்சியம் சோப்புக் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும். ஆனால் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது உருகத் தொடங்கிவிடும். ஆகவே அது சேஸிஸ் உறுப்புகளுக்குப் பயன்பட்டது. சோடியம் சோப்புக் கிரீஸ் வெப்பத்தைத் தாங்கும்; ஆனால் தண்ணீரில் கரையும். அது சக்கர பேரிங்குகளுக்குப் பயன்பட்டது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1940களின் தொடக்கத்தில் லித்தியம் சோப்புக் கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். இது தண்ணீர், வெப்பம் ஆகிய இரண்டையும் ஓரளவு நன்றாகத் தாங்கியதால், 'எல்லாவற்றுக்கும் ஒரே கிரீஸ்' என்ற வழக்கம் பரவியது.

கிண்ணமும் நிப்பிளும்

ஃபோர்டு மாடல் டி போன்ற பழைய கார்களில் கிரீஸ் கிண்ணங்கள் இருந்தன. கிரீஸ் நிரப்பிய கிண்ணத்தின் மூடியை ஓட்டுநர் அவ்வப்போது திருகினால் சிறிது கிரீஸ் உள்ளே இறங்கும். 1910களின் பிற்பகுதியில் சிகாகோவின் ஆர்தர் குல்போர்க் உயர் அழுத்தத்தில் கிரீஸைச் செலுத்தும் முறையை உருவாக்கினார். இது ஆலமைட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வியன்னாவில் பிறந்த ஆஸ்கார் செர்க் வடிவமைத்த, சிறு குண்டு கொண்ட நிப்பிளுக்கு 1929 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்றும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் காணப்படுவது இவ்வகை நிப்பிளே.

இதனால் வேலை எளிதானது. ஆனால் நிப்பிளைக் கண்டவுடன் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தும் பழக்கமும் பட்டறைகளில் ஊன்றியது.

ட்ரன்னியனின் அமைப்பு

ஹெரால்டு காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு எஃகால் ஆனது. அதன் மேல்முனை ஒரு பந்து மூட்டில் முடிகிறது. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். இந்த மரை, வெண்கலத்தால் ஆன ட்ரன்னியனுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எஃகு மரை வெண்கல மரைக்குள் சுழல்கிறது. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரையின் திசை வேறு என்பதால் ஒரு பக்கத்து உறுப்பை மறுபக்கத்தில் பொருத்த இயலாது.

ஹெரால்டு சுமார் 25 அடி விட்டத்துக்குள் திரும்பக்கூடியது. அதற்காக முன்சக்கரங்கள் மற்றக் கார்களைவிட மிக அதிகமாக வளையும். இதே இணைப்பு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 ஆகியவற்றிலும், லோட்டஸ் எலானிலும் பயன்பட்டது.

ஏன் எண்ணெய்?

ட்ரன்னியன் அடிப்பகுதி மூடிய ஒரு கிண்ணம் போன்றது. அதில் எண்ணெய் நிரப்பினால் மரை முழுவதும் எண்ணெயில் மூழ்கி நிற்கும். மிக மெல்லிய இடைவெளிக்குள்ளும் எண்ணெய் ஏறும். தொழிற்சாலைக் கையேடு 6,000 மைலுக்கு ஒருமுறை அடைப்புத் திருகைக் கழற்றி, நிப்பிளைப் பொருத்தி, ஹைப்பாய்டு கியர் எண்ணெய் நிரப்பிய கன்னால் செலுத்தச் சொன்னது. மேல்முனையில் எண்ணெய் கசிந்து வரும்வரை செலுத்த வேண்டும்.

கிரீஸ் தானாக ஓடாது. அது மரையின் இடைவெளிகளில் காலப்போக்கில் இறுகிக் கட்டியாகிறது. பிறகு ஊற்றும் எண்ணெய்க்கும் வழிவிடாது. மேலேயுள்ள ரப்பர் சீல் தேய்ந்ததும் மழைநீர் இறங்குகிறது. எஃகு மரை துருப்பிடித்து இறுகும்; தண்டில் வெடிப்பு விழும். முடிவில் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது இது நேர்கிறது. வேகமாகச் செல்லும்போது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கிரீஸின் தரம் குறைந்ததால் வரும் கேடன்று இது. இடம் மாறியதால் வரும் கேடு.

மற்ற உறுப்புகள்

அதே காரில் கிரீஸ் தேவைப்படும் இடங்களும் உண்டு.

சக்கர பேரிங்: வெப்பம் தாங்கும் லித்தியம் கிரீஸ், தடிப்பு எண் 2. முழுவதும் திணித்து அடைக்கக் கூடாது.

ஸ்டியரிங் ரேக்: சிறிதளவு கிரீஸே போதும். அளவு மீறினால் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைகள் பிதுங்கிக் கிழியும்.

ரப்பர் புஷ்: சாதாரணக் கிரீஸிலுள்ள கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதச் செய்யும். ரப்பருக்கென்றே தயாரிக்கப்படும் கிரீஸையோ சிலிகான் கிரீஸையோ பயன்படுத்த வேண்டும்.

இன்றைய பராமரிப்பு

ட்ரன்னியனுக்கு இன்று ஈ.பி. 90 வகைக் கியர் எண்ணெய் பயன்படுகிறது. வெண்கலத்தில் செம்பு இருப்பதால், ஜி.எல்.-5 தர எண்ணெய்களைவிட ஜி.எல்.-4 தரத்தையே பலர் தேர்கின்றனர். முன்பு கிரீஸ் நிரப்பப்பட்டிருந்தால், அதன்மேல் எண்ணெய் செலுத்துவதால் பயனில்லை. இணைப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையில் துருக்குழியோ வெடிப்போ உள்ளதா என்று பார்க்க வேண்டும். பழுது இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். சீலையும் புதிதாகப் போட வேண்டும்.

இங்கிலாந்தில் ஹெரால்டு உற்பத்தி 1971 இல் நின்றது. எஞ்சியுள்ள கார்கள் பல கைகள் மாறி வந்தவை; கையேடு பலவற்றுடன் வருவதில்லை. எனவே இவ்வகைக் காரை வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, அதன் ட்ரன்னியனில் இதுவரை என்ன நிரப்பப்பட்டது என்பதையே.