பென்னிகுயிக்: ஒரு குடும்பப் பெயரின் சரித்திரம்

ஆங்கிலேயர் என்று நாம் மொத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டவர்களில் கணிசமானவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஸ்காட்லாந்துப் பெயர்கள் என்று சொல்லப்படுகிறவற்றில் சில, ஸ்காட்லாந்து என்ற நாடு உருவாவதற்கு முன்பே அங்கு பேசப்பட்ட மொழிகளுக்குச் சொந்தம். பென்னிகுயிக் என்ற பெயருக்கு இவ்விரண்டும் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இந்தப் பெயரைப் பார்க்கிறோம். லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15ல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தில் இந்தப் பெயருக்குரியவரின் சிலை இருக்கிறது. அவரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை.

எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் பத்து மைலில், நார்த் எஸ்க் நதிக்கரையில், பெனிகுயிக் என்று ஓர் ஊர். எழுதுவது அப்படி, அவ்வூர்க்காரர்கள் சொல்வது 'பெனிகுக்'. காகித ஆலைகளால் பேர்பெற்ற ஊர். முதல் ஆலை 1709ல் வந்தது. நெப்போலியன் யுத்தங்களின்போது பிரெஞ்சுக் கைதிகளை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். ஊரின் பெயர் ஆங்கிலமும் அல்ல, ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியும் அல்ல. ஆங்கிலம் வடக்கே வந்து சேர்வதற்கு முன் அந்தப் பிரதேசத்தில் வழங்கியது இன்றைய வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு பழைய பிரிட்டானிய மொழி. அதில் 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குக்கூ பறவை. பென்-ஈ-கோக்: குயிலின் குன்று. பேசியவர்கள் போய்விட்டார்கள், மொழி போய்விட்டது, பொருள் யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஓசை மட்டும் குன்றின்மேல் நின்றது. ஊர்ப்பெயர்களின் வழக்கமே இது. அர்த்தத்தை இழந்த பிறகுதான் அவற்றுக்கு ஆயுள் கெட்டிப்படுகிறது. லோயர் கேம்ப் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே சொல்வதுபோல், யாரோ மலையடிவாரத்தில் போட்ட கூடாரம். இன்று அங்கே கூடாரமில்லை, மின்நிலையம் இருக்கிறது. அங்கு பிறந்து வளர்கிற குழந்தைக்கு அது இரண்டு ஆங்கிலச் சொற்கள் அல்ல, தேக்கடி, கூடலூர் போல ஓர் ஊர்.

ஊர் எப்படிக் குடும்பப் பெயராகிறது? மேலைநாட்டில் நாம் நினைக்கிற அளவுக்கு இது பழைய வழக்கமல்ல. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுக்குள் மெதுவாக உறைந்த ஒன்று. தந்தை பெயரிலிருந்து வந்தவை, தொழிலிலிருந்து வந்தவை, உருவத்தையோ குணத்தையோ வைத்து வந்தவை, ஊரிலிருந்து வந்தவை என்று நான்கு வகை சொல்வார்கள். ஊர்ப்பெயர் இரண்டு விதமான ஆட்களுக்கு ஒட்டியது. நிலத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன்; நிலத்தை விட்டுப் போனவன் மற்றவன். ஊரிலேயே இருக்கிற சாதாரணனுக்கு ஊர்ப்பெயர் தேவையில்லை. செம்மங்குடியிலேயே இருந்திருந்தால் சீனிவாச ஐயரை யாரும் செம்மங்குடி என்று அழைத்திருக்க மாட்டார்கள். ஒரு வித்தியாசம்: நம்மிடம் அந்த ஊர் அவரோடு முடிந்துவிடுகிறது. அங்கே சட்டமும் சொத்துரிமையும் சேர்ந்து அதை மகனுக்கு, மகனின் மகனுக்கு என்று தள்ளிக்கொண்டே போயின.

பெனிகுயிக்கின் நிலம் அந்தப் பெயருள்ள குடும்பத்திடமே பல தலைமுறை இருந்தது, பிறகு கைமாறியது. 1654ல் ஜான் கிளார்க் என்ற வர்த்தகர் அதை வாங்கினார். கிளார்க் என்பது தொழிற்பெயர், எழுத்தறிந்தவன், கணக்கெழுதுகிறவன். அதன் பொருளை என் உத்தியோகத்தில் இருக்கிறவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குன்று கிளார்க்குகளிடம் போயிற்று, குன்றின் பெயர் பழைய குடும்பத்தோடு ஊர் ஊராகப் போயிற்று. நிலத்தின் சாட்சியமாகத் தொடங்கிய பெயர், நிலம் போனபிறகும் நிலத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.

கவிதை எழுதுகிறவர்கள் படிக்கிற பத்திரிகை என்பதால் இன்னொன்று. இந்தப் பெயரில் அலெக்ஸாண்டர் என்று இரண்டு கவிஞர்கள் உண்டு. ஒருவர் வைத்தியர், 1652 முதல் 1722 வரை வாழ்ந்தவர், 1715ல் ட்வீட்டேல் பிரதேசத்தை விவரித்து ஒரு நூல் வெளியிட்டவர். மற்றவர் எடின்பரோவில் இருந்தவர், 1730ல் இறந்தவர். இருவருடைய பாடல்களும் ஒருவருடையது மற்றவருடையதாகக் கலந்து இலக்கியச் சரித்திரக்காரர்களைத் தொல்லைப்படுத்தின. குடும்பப் பெயர் ஆளைப் பிரித்துக் காட்டத்தான் வந்தது என்பார்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டல் ஒருபோதும் நிலைத்ததில்லை. இன்று அதிகம் காணப்படுவது ஓசையை ஒட்டிய 'பென்னிகுக்' என்ற வடிவம். ஆங்கிலக் காது அதில் பென்னி என்ற நாணயத்தையும் குக் என்ற சமையற்காரனையும் கேட்டிருக்கிறது, குயில் பறந்துவிட்டது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்று சாம்ராஜ்யம் போன வழியிலெல்லாம் போயிருக்கிறது. மாத்யூ பென்னிகுக் 2015லிருந்து பிரிட்டிஷ் பார்லிமெண்டில் லேபர் கட்சி உறுப்பினர். அலஸ்டர் பென்னிகுக் மொழியியலாளர். ஆங்கிலம் உலகமொழியானதன் அரசியலைக் குடைந்து 1994ல் ஒரு புத்தகம் எழுதியவர். ஆங்கிலம் பி.ஏ. படித்துவிட்டுத் தமிழில் எழுதுகிறவர்கள் அனைவரும் படித்திருக்க வேண்டியது அது. பழைய எழுத்துக்கூட்டலை விடாதவர்களில் காலின் பென்னிகுயிக் (1933-2019) பறவைகள் பறக்கும் இயக்கவியலை ஆராய்ந்த விஞ்ஞானி. குயில் குன்றின் பெயருக்கு இது பொருத்தம்தான். குயில் வேறு கூட்டில் முட்டையிடுகிற பறவை என்பதை வைத்து மேற்கொண்டு ஒரு உவமையை வளர்க்கலாம் என்ற ஆசை உங்களுக்கும் எழும். விட்டுவிடலாம்.

நம்மவர்கள் இந்தப் பெயரைக் காதால் அல்ல, கண்ணால் பெற்றார்கள். எழுதியிருந்ததைப் படித்தார்கள், ஆகவே 'குயிக்' வந்தது. இந்தியாவுக்கு இந்தப் பெயர் முதலில் வந்தது அணைக்கட்டோடு அல்ல, பட்டாளத்தோடு. 1849 ஜனவரி 13ல் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிலியன்வாலாவில், சீக்கியர்களோடு நடந்த போரில் பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக் கொல்லப்பட்டார். தகப்பனின் உடலைக் காத்து நின்ற பதினேழு வயது மகன் அலெக்ஸாண்டரும் அங்கேயே விழுந்தான். இளைய மகன் ஜானுக்கு இரண்டு நாள் கழித்து எட்டு வயது நிறைந்தது. 1841 ஜனவரி 15ல் பூனாவில் பிறந்த அந்தச் சிறுவன்தான் நம்முடைய பென்னிகுயிக். பஞ்சாபில் யாரும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்ததாகத் தெரியவில்லை, வைக்கக் காரணமுமில்லை. ஒரே குடும்பப் பெயர், ஒரே தேசம், இருவேறு கணக்குகள்.

அணையின் கதையில் வேறு பெயர்களும் உண்டு. மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று பார்க்க ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ல் ஆளனுப்பினார். 1808ல் ஜேம்ஸ் கால்டுவெல் ஆராய்ந்து, வேண்டாம் என்று எழுதினார். 1867ல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் தந்தார். பிறகு ஸ்மித் வந்தார். தாது வருஷப் பஞ்சம் இவையெல்லாவற்றையும் அவசரமாக்கியது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கர். 1887ல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். ரைவ்ஸ் என்றோ வென்லாக் என்றோ இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பிள்ளைக்குப் பெயர் சூட்டவில்லை. முத்திருளப்பர் பெயர் தமிழ்ப் பெயர்தான். அதுவும் போணியாகவில்லை.

இதற்கு விடை, பென்னிகுயிக்கைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளம் கட்டுமானத்தை அடித்துப்போக, சர்க்கார் பணம் தர மறுக்க, அவர் சீமைக்குப் போய்ச் சொத்தை விற்று, மனைவியின் நகைகளையும் விற்று, திரும்பி வந்து அணையை முடித்தார் என்பது கதை. அணை கட்டியது சென்னை சர்க்கார் பணம். தீர்வை வரும் என்ற கணக்கோடு போட்ட முதல் அது. நகை விற்றதற்கு ஆவணம் எதையும் கதை சொல்கிறவர்கள் காட்டியதில்லை. நம்முடைய சரித்திர ஆர்வலர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், பொய் என்று நிரூபித்தாகிவிட்டது என்கிற திருப்தியில். கதை ஏன் நகையைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்பதில்லை. பொண்டாட்டியின் நகையை விற்றுப் பயிரைக் காப்பாற்றுவதும், பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும், பையனைப் படிக்கவைப்பதும் இங்கே குடும்பத் தலைவன் செய்கிற காரியங்கள். இஞ்சினியர் செய்கிற காரியம் அல்ல. சுண்ணாம்புக் காரையும் கருங்கல்லும் வைத்து ஒருவன் நீரைத் திருப்பினால் அவனுக்குச் சிலை வைக்கலாம்; உறவு கொண்டாட முடியாது. உறவுக்கு நகை போயிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வம்சாவளி செய்த வேலையை இங்கே இந்தக் கதை செய்திருக்கிறது. ரத்தத்தில் வராத ஒரு பெயரை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு தகப்பனை உண்டாக்கிக்கொண்டது. பாலார்பட்டியில் ஜனவரி 15ல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். குலசாமிக்கு வைக்கிற முறைதான்.

அந்தக் கதைக்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு தகப்பன் நிற்க, மற்றவர்கள் அழிய வேண்டியிருந்தது. கட்டுமானக் காலத்தில் நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு; அணைக்கு வடக்கே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கூலிக்காரர்களின் பெயர்கள் மஸ்டர் ரோலில் இருந்திருக்கும். அந்தக் காலத்துக் கூலிக்குக் குடும்பப் பெயர் ஏது? கருப்பன், மாடன், சுப்பன் என்று எந்தக் கருப்பன், எந்த மாடன் என்று சொல்ல முடியாத பெயர்கள். இருபோகமாய் விளைகிற 14,707 ஏக்கருக்கு அவர்களும்தான் மூதாதையர்கள். தங்கள் பேரப்பிள்ளைகள் பென்னிகுயிக் என்று அழைக்கப்படுவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானித்த பிறகு, தமிழன் பெயருக்குப் பின்னால் ஓர் இடம் காலியாயிற்று. முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை. காலி என்றால் எழுத்தில்தான். போடியில் 1989ல் நடந்த கலவரத்தைக் கண்ட பிரதேசம் இது. சுவரொட்டிகளைப் பார்த்தால் பட்டங்கள் எங்கும் போய்விடவில்லை என்பது தெரியும். அநேகப் பெயர்களைச் சொன்ன மாத்திரத்தில் ஆளை எங்கே உட்காரவைப்பது என்று இங்கே முடிவுசெய்துவிடுவார்கள். பென்னிகுயிக் என்று ஒரு பையன் பெயர் சொன்னால் அது முடியாது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்த ஒரு கேள்வியின் அவகாசம் சிறிய விஷயமல்ல.

ஆனால் வடநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஏற்றபடி செய்யப்பட்ட படிவங்கள் அந்தக் காலியிடத்தை விடுவதாயில்லை. பாங்கில் கணக்கு ஆரம்பிக்கும் படிவத்தில் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் கம்ப்யூட்டர் நகராது. நம் ஜனங்கள் அதில் தகப்பன் பெயரைப் போட்டு நிரப்பப் பழகிவிட்டார்கள். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். ஆகவே இங்கே பென்னிகுயிக் என்று பெயர் வைக்கப்பட்டவனுக்கு மகன் பிறந்தால், ஊருக்குள் அவனுக்குப் 'பெ.' என்பது தலைப்பெழுத்து. வளைகுடாவுக்கோ கனடாவுக்கோ போகும்போது பென்னிகுயிக் அவனுக்குக் குடும்பப் பெயர். எழுநூறு வருஷம் குடும்பப் பெயராக இருந்து, இங்கே வந்து ஆள்பெயராகி, ஒரே தலைமுறையில் மறுபடியும் குடும்பப் பெயராகிறது. டொரான்டோவின் ஏதோ ஒரு பதிவேட்டில் ஸ்காட்லாந்துப் பென்னிகுக்குக்குப் பக்கத்து வரியில் அது உட்காரும். குடும்பப் பெயர்களின் பரவலைத் தேசப்படத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறவர்கள், அதைப் பழைய குன்றிலிருந்து கிளம்பிய இன்னொரு கிளை என்று கோடு போட்டு இணைப்பார்கள்.

சென்ற வருஷம் என் மேஜைக்கு அப்படி ஒரு படிவம் வந்தது. தகப்பன் பெயர் பென்னிகுயிக், மகனுக்குக் கல்லூரி உதவித்தொகைக்காகக் கணக்கு. கடைசிக் கட்டத்தில் தகப்பன் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பின்பாதியை, வேகம் என்று பொருள்படும் 'குவிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களால். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் நான் பார்த்த எழுத்துக்கூட்டல்களில் இது இல்லை. ஆதார் அட்டையிலும் அப்படியே இருந்தது. அட்டையில் உள்ளபடியே ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏற்றினேன்.