பசு என்னும் சொல்
எளியோரை 'ஆட்டு மந்தை' என்று இகழ்வது உலக வழக்கு. பழந்தமிழில் 'மா' என்றால் விலங்கு. தொல்காப்பிய மரபியல் விலங்குகளோடு 'மாக்கள்' என்பாரையும் ஐயறிவினராக வைத்து, மக்களுக்கே ஆறாவது அறிவை உரைத்தது. எனினும் சங்கப் பாடல்களில் 'மாக்கள்' என்னும் சொல் இழிவின்றி மாந்தரைப் பொதுவாகவும் சுட்டிற்று. இன்றோ அதில் இகழ்ச்சியே எஞ்சி நிற்கிறது.

சைவ சித்தாந்தம் இவ்வழக்கை மாற்றி அமைத்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தால் நிலைநாட்டிய நெறியில் உயிர்கள் அனைத்தும் பசுக்களே. ஆணவம், கன்மம், மாயை என்னும் பாசத்தால் கட்டுண்டமையின் அப்பெயர் பெற்றன. அரசனும் பசு, ஆண்டியும் பசு. கட்டை அவிழ்ப்பவன் பதியாகிய சிவபெருமான் ஒருவனே.

ஆதலின், தேர்வடம் பிடிக்கும் அடியார் கூட்டத்தை மந்தையென எண்ணுவோர் தம் கழுத்தைத் தடவிப் பார்ப்பாராக. அங்கும் அதே கயிறுதான்! திருச்சிற்றம்பலம்.