பட்டதை யார் சொல்வது?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லீவுக்குப் பேரன் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறான். பதினாலு வயது. அப்பாவின் வேலை மாற்றத்தால் இரண்டு வருடம் முன்பு புனேவுக்குப் போனவன். இங்கே கூடப் படித்த பையன்களோடு அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே தொடர்பு டிஸ்கார்டில் வைத்திருக்கும் ஒரு அரட்டை அறை. அதில் ஆளுக்கொரு வேடம். இவன் கொற்கையிலிருந்து வந்த பாண்டிய வீரன். படம் கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாம் எழுத்துதான். ஒருவன் எழுத, அடுத்தவன் பதில் எழுத, கதை நகரும். நம் காலத்தில் திண்ணையில் ராஜா மந்திரி விளையாடியது போலத்தான்.

போன வாரம் ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "என்னல ஆச்சு?" என்றேன். போனை நீட்டினான். அவனுடைய உயிர் நண்பன் எழுதியிருந்தது ஒரே வரி: 'நான் வேலை எறிந்தேன், அது உன் நெஞ்சில் பாய்ந்தது, நீ செத்துவிட்டாய்.'

"தாத்தா, அவன் எழுதிட்டா நான் செத்துரணுமா?"

வேடம் செத்தால் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த ஒரே விதி. பையனுக்குப் போவது விளையாட்டு மட்டுமல்ல, ஊரே போகிறது. சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ராத்திரி படுத்தபடி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தது குறுக்குத்துறை ஆற்று மணல். சடுகுடு. பாடிப் போனவன் திரும்பி வந்து "தொட்டுட்டேன்" என்பான், எதிரணி "படவே இல்ல" என்று சாதிக்கும். மூச்சு விட்டானா என்பதற்காவது எல்லார் காதும் சாட்சி. விரல் பட்டதற்கு யார் சாட்சி? பாதி ஆட்டம் சண்டையிலேயே முடியும். சின்ன வயதில் எங்களுக்குச் சிலம்பம் சொல்லித்தந்த ஆசான் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கம்பு நுனியில் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் உடம்பைப் பார்த்தால் போதும், யாருக்கு எத்தனை பட்டது என்று தோலே சொல்லிவிடும். அடித்தவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்றைய சிலம்பப் போட்டிகளில் நடுவர்கள் நின்று தொடுதலுக்குப் புள்ளி போடுகிறார்கள். ஆசானின் சுண்ணாம்பு செய்த வேலையைத்தான் அவர்கள் கண் செய்கிறது.

ஐரோப்பாவின் வாள்வீச்சில் இதற்கு நேர் எதிரான ஒரு மரபு இருந்தது. பட்டவனே "பட்டது" என்று ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. பிரெஞ்சுக்காரர்களின் 'தூஷே' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். மரியாதையை மட்டும் நம்பிப் பந்தயம் நடத்த முடியாதென்று கண்டு, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பே வாளுக்கு மின்கருவி வைத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பெண் பவானி தேவி சேபர் வாளோடு ஆடியபோது விளக்கு எரிந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கும் ஒரு சுண்ணாம்புதான்.

நம் பழைய இலக்கியத்தில் போருக்கு விதி உண்டா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்டு. எதிரெதிர் வந்து வலிமையைக் காட்டிப் பொருவது தும்பை. இரு பக்கமும் சூடுவது அதே பூ, நம் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதே, அதுதான். புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்றொரு துறை, புறங்காட்டி ஓடுகிறவன் மேல் ஆயுதம் ஓச்சாத பெருமையைச் சொல்வது. புறநானூற்று ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். அம்பு விடுமுன் பசுக்களையும் அந்தணரையும் பெண்களையும் நோயாளிகளையும் பிள்ளைப்பேறு இல்லாதவரையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி அறிவித்தவன் என்று. வகுப்பில் நான் பெருமையோடு நடத்திய பாட்டு.

ஆனால் அதே நெட்டிமையார் அதே பெருவழுதியைப் பதினைந்தாம் பாட்டிலும் பாடியிருக்கிறார். அதில் அவன் பகைவர் ஊரில் கழுதை பூட்டி உழுகிறான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நான் ஒரு நாளும் நடத்தவில்லை. நடத்தியிருக்க வேண்டும். விதியை அறிவித்தவனும் அவனே, வென்ற பிறகு ஊரை என்ன செய்வதென்று முடிவெடுத்தவனும் அவனே. நடுவில் கேட்க ஆள் இல்லை.

நடுவில் ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெண்ணிப் போர் உதாரணம். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கோவில்வெண்ணி. கரிகாலன் வென்றான். தோற்ற சேரன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அந்த ஊர்க் குயத்தியார் கரிகாலனையே பார்த்து, வென்றவன் நீதான், ஆனால் உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். யாருக்கு என்ன பட்டது, அதன் மதிப்பு என்ன என்று சொல்லும் வேலையை வென்றவன் கையில் விடாமல் தானே எடுத்துக்கொண்டார் அந்தம்மா.

சரி, அரட்டை அறைக்கு வருவோம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். வேடம் கட்டி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லும் ஆட்டம். அடி பட்டதா என்பதை இருபது முகத் தாயக்கட்டை சொல்லும், தகராறு வந்தால் ஆட்டத்தை நடத்துகிறவர் தீர்ப்பார். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' ஆட்டத்தில் அந்தத் தீர்ப்பைக் கணினி எடுத்துக்கொண்டது. 1988-இல் பின்லாந்தின் ஜார்க்கோ ஒய்காரினென் ஐஆர்சி அரட்டையை உருவாக்கினார். இங்கே வந்ததும் தாயமும் இல்லை, நடத்துகிறவரும் இல்லை, வெறும் எழுத்து. பேரனுக்கு நடந்தது இப்படிப்பட்ட அறைகளில் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 'காட்மோடிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தன்னைக் கடவுளாக்கிக்கொண்டு எதிராளிக்கும் தானே எழுதுவது. அதற்கு ஆடுகிறவர்களே கண்ட மருந்து எளிமையானது: உன் முயற்சியை மட்டும் எழுது, பலனை எதிராளி எழுதட்டும்.

மறுநாள் காலை இதைப் பேரனிடம் சொன்னபோதுதான் எனக்கே பொறி தட்டியது. இது நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே! 'எறிந்தேன், பாய்ந்தது, செத்தாய்' எல்லாம் வினைமுற்று. முடித்துவிட்டான், எதிராளிக்கு இடமே இல்லை. வினையெச்சத்தில் நிறுத்தினால்? அதிலும் 'எறிந்து' என்றால் உதவாது, செய்து என்னும் வாய்பாட்டுக்கு எழுவாய் மாறக் கூடாது, மறுபடி எறிந்தவனே முடிப்பான். 'எறிய' என்று செய என்னும் வாய்பாட்டில் நிறுத்த வேண்டும். மழை பெய்ய நெல் விளைந்தது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேனே, நினைவிருக்கிறதா? பெய்தது மழை, விளைந்தது நெல். நான் வேலை எறிய… அவ்வளவுதான். விலகினேன் என்பதோ தோளில் வாங்கினேன் என்பதோ எதிராளி பாடு.

பையன் ஒரு ஓட்டையை உடனே பிடித்தான். "அப்போ ஒவ்வொரு தடவையும் விலகிட்டேன்னு எழுதினா?" நியாயமான கேள்வி. எல்லா அடியையும் தட்டிவிடுகிறவனும் கடவுள்தான். மூன்று அடிக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், ஒத்துவராவிட்டால் அந்தச் சண்டையில் இல்லாத மூன்றாமவன் சொல்வதே முடிவு என்று எழுதிக்கொண்டான். வேகமாகத் தட்டச்சு செய்கிறவன் ஐந்து அடி அடிக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு முறை. கேட்காமல் கொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவன் இரண்டு தடவை எழுதியிருந்தான்.

அனுப்பினான். மத்தியானம் வரை பதில் இல்லை. வீட்டில் யாரும் அவனிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. மூன்று மணிக்கு நண்பன் எழுதினான். பழைய வரியை அழித்துவிட்டு, 'நான் வேலை எறிய…' என்று மட்டும்.

பேரன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். விலகிவிடுவான் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், இடது தோளில் ஆழமாகப் பாய்ந்ததாக எழுதிக்கொண்டிருந்தான். வேலைப் பிடுங்கி நண்பனிடமே திருப்பிக் கொடுக்கலாமா, அது வீரமா அசட்டுத்தனமா என்று என்னிடம் கேட்டான். ஆச்சி காபி ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டதும் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.