நாகேஸ்வர ராவ் பூங்காவும் ஒரு பெசரட்டும்

மயிலாப்பூர் லஸ் அருகே உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு ஞாயிறு காலையைக் கழித்தேன். அங்கே நடைபயில்வோரில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு முகவரி மட்டுமே. 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர், 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தியவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். லஸ்ஸில் இருந்த அவருடைய 'ஸ்ரீபாக்' இல்லத்தில்தான் 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் உடன்படிக்கை செய்துகொண்டனர். தலைநகர், உயர் நீதிமன்றம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ராயலசீமைக்குக் கிடைத்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்னூல் தலைநகரானதும், உயர் நீதிமன்றம் குண்டூருக்குப் போனதும் அதன் தொடர்ச்சியே.

வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் பெசரட்டும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டேன். மயிலாப்பூரில் இதை அடைக்குத் தம்பியாக ஏற்றுக்கொண்டு வெகுநாளாகிறது.

பிறகு ராயப்பேட்டை நெடுஞ்சாலை. தனி ஆந்திரம் கேட்டு 1952 அக்டோபர் 19 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15 அன்று உயிர்நீத்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தியின் வீடு அது. சென்னை யாருக்கு என்ற அந்நாளைய வழக்கில் ம.பொ.சி.யை நாம் மறக்கவில்லை. எதிர்வழக்காடியவர்களும் இதே தெருக்காரர்கள்தாம் என்பதை மறந்துவிட்டோம். நான் அங்கே நின்றிருந்த அரைமணியில் யாரும் நின்று அந்தப் பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை.