சங்கத்துப் பெண்கள் நடத்தும் வானொலி

நம்ம பள்ளத்தாக்கில் கோடை எஃப்எம் தெரியாத வீடு இருக்காது. ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலம் ஜீப் ஏறுகிறவர்களுக்கும், திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்களுக்கும் அதுதான் துணை. ஆனால் பேசுவது அவங்க, கேட்பது நாம. நம்மை மாதிரி சங்கத்துப் பெண்களே பேசி, அவங்களே ஒலிபரப்புகிற வானொலி ஒன்று தெலங்கானாவில் இருக்கிறது. அது வந்த கதையை நம்ம மலரில் எழுதி வைக்கணும் என்று தோன்றியது.

ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற அமைப்பு 1983-ல் தொடங்கியது. சோளமும் தினையும் விளைகிற மானாவாரி பூமி. சங்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். அமைப்பை நடத்திய பி.வி.சதீஷ் முன்பு தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தயாரித்தவர். யுனெஸ்கோ உதவியோடு 1998-ல் மச்சனூர் கிராமத்தில் ஸ்டுடியோவும் கட்டியாச்சு. ஒலிபரப்பத்தான் அனுமதி இல்லை.

காரணம், 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம். ஆகாயத்தில் போகிற அலை அரசாங்கத்துக்கே சொந்தம் என்ற மாதிரி வைத்திருந்தார்கள். 1995 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றம், அந்த அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு வந்ததே கிரிக்கெட் மேட்சை யார் டிவியில் காட்டுவது என்ற சண்டையில்தான்! மேட்சு பார்க்கிற நம்ம வீட்டு ஆம்பளைங்களால் ஒரு நல்லதும் நடந்திருக்கு.

தீர்ப்பு வந்தும் 2002 கடைசியில்தான் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ந் தேதி அண்ணா எஃப்எம் ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடமும் கருவியும் தயாராக வைத்திருந்த கிராமத்துப் பெண்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

அதற்காக அவங்க பூட்டிப் போட்டு உட்காரவில்லை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஸ்டுடியோவில் பதிவு செய்ததை டேப்பாக எடுத்துக்கொண்டு போய் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். விதை எப்படிச் சேர்த்து வைப்பது, கைவைத்தியம், பண்டிகை, நடவுப் பாட்டு, எல்லாம் அவங்க பேசுகிற தெலுங்கிலேயே. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை, பத்து வருஷம். நாம மூணு மாசம் உள்கடன் வசூல் இழுத்தாலே சோர்ந்து போயிடுறோம். மைக்கையும் கருவியையும் பார்த்துக்கொண்டவர்கள் ரெண்டு பெண்கள். ரெண்டு பேருக்கும் பெயர் நரசம்மா! அதனால் ஒருவரை 'ஜெனரல்' நரசம்மா, இன்னொருவரை அல்கோல் நரசம்மா என்பார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்.

2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் வானொலி வைக்கலாம் என்று விதி மாறியது. 2008 அக்டோபர் 15-ல் சங்கம் வானொலி 90.4-ல் பேச ஆரம்பித்தது. தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பு சொன்ன நீதிபதிகளில் ஒருவரான பி.பி.சாவந்த். உலக ஊரகப் பெண்கள் தினத்தை ஐ.நா. முதன்முதலாகக் கொண்டாடியதும் அதே நாளில்தான். ஒலிபரப்பு ராத்திரி 7 முதல் 9 வரை. கூலி வேலை முடிந்து வந்து அடுப்புப் பக்கத்தில் இருக்கிற நேரம்!

தமிழ்நாட்டிலும் நாகப்பட்டினம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி இருக்கிறது. பதிவு செய்து மூணு வருஷம் ஆன லாப நோக்கமில்லாத அமைப்பு விண்ணப்பிக்கலாம். 100 வாட் கருவி சுமார் 10, 15 கிலோமீட்டர் எட்டும். உத்தமபாளையத்தில் வைத்தால் கம்பமும் சின்னமனூரும் கேட்கும் என்பது என் கணக்கு. செய்தி மட்டும் நாமே தயாரித்துச் சொல்லக் கூடாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம். இந்த விதி எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் குடிநீர், மின்தடை, மழை அறிவிப்பெல்லாம் சொல்லலாம்.

போன மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னப்போ, "மைக்கைக் கொடுத்தா நான் என்னத்தப் பேசுறது?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. பக்கத்தில் இருந்தவங்க, "தெருவுல உக்காந்து மருமகளப் பத்திப் பேசுறீங்கல்ல, அத விட்டுட்டு மிச்சத்தப் பேசுங்க" என்றாங்க.