பதினாறாம் கட்டம்

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்தன. காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஆயினும் நிலம் எவருக்கு உரியது என்பதை அவர்தம் வியர்வை முடிவு செய்யவில்லை. நில அளவரின் சங்கிலியும் பதிவேடுமே முடிவு செய்தன. சிலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த மாக்ஸ்வெல் காலத்தில், 1891-இல், ஆஸ்திரேலியாவில் தோன்றிய டாரன்ஸ் முறையைத் தழுவிய நிலப்பதிவுச் சட்டம் இங்கு வந்தது. பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்பது அதன் சாரம்.

இவ்விடத்தில் அமெரிக்க வரலாற்றுச் செய்தியொன்றை நினைவுகூர்தல் தகும். 1785-இல் அந்நாட்டுப் பேரவை இயற்றிய நிலச்சட்டம், மேற்கெல்லை நிலங்களை ஆறு மைல் சதுரங்களாக அளக்கப் பணித்தது. அளவைக் கருவி 66 அடிச் சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல். ஒவ்வொரு சதுரமும் 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் பதினாறாம் கட்டம் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. பூர்வகுடிகளின் உரிமையை அச்சங்கிலி மதிக்கவில்லை. பள்ளி நில வருவாய் பல இடங்களில் முறைகேடாகக் கரைந்ததும் உண்டு. எனினும் குடியேறுவோர் வருமுன்னரே வரைபடத்தில் பள்ளிக்கு இடம் இருந்தது.

நம் தோட்டங்களிலோ நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பலவற்றுக்குத் தனி எல்லைக்கல் நடப்படவில்லை. லயத்தைப் போலப் பள்ளியும் தோட்டத்துரையின் நிலத்திலேயே நின்றது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, நிலம் கைமாறியது, மக்கள் இடம்பெயர்ந்தனர், பள்ளிகள் பிறர் தயவை எதிர்நோக்கின. தொழிலாளரே நிலவுடைமையாளர் ஆக வேண்டுமென்று 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இத்துயரின் விளைவேயாகும். இன்றும் தனியார் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் பல, அரசின் பகுதி உதவியே பெறுகின்றன.

பள்ளி வரலாறு எழுதப்புகும் ஆசிரியர்களும் மாணவர்களும் தலைமையாசிரியர் பெயர்களையும் தேர்ச்சி விழுக்காட்டையும் தவறாது குறிக்கின்றனர். அவற்றோடு, பள்ளி நிற்கும் நிலத்தின் எண் யாது, பரப்பு எவ்வளவு, பட்டா எவர் பெயரில் உள்ளது என்பவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். நமக்கான பதினாறாம் கட்டத்தை எவரும் முன்கூட்டி வரைந்து வைக்கவில்லை; அதை நாமே கேட்டுப் பெறுதல் வேண்டும்.