காலியில் ஒரு கல் கிடந்த இடம்

நண்பனின் பாய்மரப் படகு சனிக்கிழமை காலை இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. தண்ணீர், டீசல் நிரப்பிக்கொண்டு திங்கள் கிளம்பணும். எனக்கு ஊருக்குள் ஒரே வேலைதான், ஒரு கல் கிடந்த தெருவைப் பார்க்கணும்.

கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். 1911-ல் இங்கே மதகு மூடியாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தவர் ஒரு இன்ஜினியர் (நம்ம ஆளு!). சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்வெட்டு அது. ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்புகள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. சீனத்தில் காணிக்கை புத்தருக்கு. தமிழில் தேவேந்திரமுனையின் தேனாவரை நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு. பாரசீகத்தில் அல்லாவுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 என்று போகும் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், பக்காவான லோக்கலைசேஷன். அந்தக் கரையில் தமிழ் வணிகர்களின் மொழியாக இருந்ததால்தான் கல்லில் அதற்கு இடம்.

இதைச் சமய நல்லிணக்கம் என்று பாராட்டுகிறவர்கள் 1411-ஐச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். அந்த வருஷம் இதே செங் ஹ, இங்கே ஆண்ட அழகேசுவரனைச் சிறைபிடித்து நான்ஜிங்குக்குக் கொண்டுபோனார். காணிக்கை வாங்கிய தேனாவரைக் கோயிலை 1588-ல் போர்த்துகீசியர் இடித்தார்கள்.

திங்கள் மதியம் தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கத்தைக் கடந்தோம். நண்பன் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கோயில் இருந்த கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.